மூன்றாவது டப்பா

"அந்தக் கடைத்தூளை உள்ள வைங்க அண்ணி. இன்னைக்கு வர்றவங்க எல்லாருக்கும் அப்பா டீதான்" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் முக்காலியில் ஏறி, மேல்தட்டிலிருந்த பெரிய டப்பாவை எடுத்துவிட்டாள்.

பால் பாத்திரத்தை அடுப்பில் வைக்கப் போன மருமகள் வைக்காமல் நின்றாள்.

"நாப்பது அம்பது பேர் வருவாங்கம்மா. இருக்கிற தூள் பூரா தீர்ந்துபோயிடும்" என்றாள்.

"தீரட்டுமே. இனிமே யாருக்குன்னு சேர்த்து வைக்கப்போறோம்?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் நாத்தனாரின் முகம் கோணிவிட்டது. முக்காலியில் நின்றபடியே டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். மருமகள் பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து இறக்கினாள். கூடச் சேர்ந்து அழத்தான் அவளுக்கும் ஆசை. ஆனால் கண் அந்த டப்பாவை விட்டு நகர மறுத்தது.

மாமனார் இறந்தது முந்தின நாள் சாயங்காலம். உடலை ஆஸ்பத்திரியில் மதியம் இரண்டு மணிக்குத்தான் தருவார்கள். நாலு மணிக்கு எடுத்துவிடுவதாகப் பேச்சு. கூடத்தில் கணவன் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு வாடகை நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். காலை எட்டு மணியிலிருந்தே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அந்த வீட்டில் டீ என்பது விளையாட்டுக் காரியமில்லை. மாமனார் ஒரு டீத்தூள் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் ருசி பார்க்கிறவராக இருந்தவர். நீள மேஜையில் வரிசையாக வைத்த வெள்ளைக் கிண்ணங்களிலிருந்து ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது டீயை உறிஞ்சித் துப்பி, எந்தத் தூளோடு எதை எவ்வளவு சேர்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்லுகிற வேலை. கம்பெனியில் அவருக்குப் பெயரே 'நாக்கு'. ரிட்டயராகும்போது கம்பெனிக்காரர்கள் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவர் நாக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் இஷ்டத்துக்கு டீ குடித்ததில்லை.

மூன்று டப்பாக்கள். நிறத்துக்கு ஒன்று, திடத்துக்கு ஒன்று, மணத்துக்கு ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மேஜையில் வெள்ளைத் தாள் விரித்து, ஐந்து பங்கு, மூன்று பங்கு, ஒரு பங்கு என்று கலந்து பெரிய டப்பாவில் கொட்டுவார். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் மின்விசிறி ஓடக்கூடாது. வெங்காயம் நறுக்கக்கூடாது. முகத்துக்குப் பவுடர் பூசியவர் யாரும் கூடத்துப் பக்கம் வரக்கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். பிறகு அவர் கை நடுங்கத் தொடங்கியபோது, கலக்கிற வேலை அவளிடம் வந்து சேர்ந்தது, சிரிப்பு போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். கரண்டி கொஞ்சம் குவிந்தாலும் "ம்ஹும்" என்று ஒரு சத்தம் வரும்.

காலை டீக்கும் ஒரு முறை இருந்தது. எல்லார் கோப்பையும் மேஜைக்கு வரும். ஆனால் அவர் முதல் வாயை சர்ரென்று உறிஞ்சி, கண்ணை மூடி, "ம்" என்று சொல்லும்வரை ஒருவரும் தொடமாட்டார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையிலிருந்த மகன் எந்தக் கட்டடத்து உச்சிக்குப் போனாலும் வீட்டு டீயைப் பிளாஸ்க்கில் கொண்டுபோவான். வேறு ஊரில் ரத்தப் பரிசோதனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள், வருகிறபோதெல்லாம் அரைக் கிலோ கட்டிக்கொண்டுபோவாள். "எங்க வீட்டு டீ குடிச்ச வாய்க்கு வெளி டீ இறங்காது" என்பதை அண்ணனும் தங்கையும் வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வார்கள்.

இப்போது அந்தப் பெரிய டப்பாவில் இருந்தது அந்த டீ இல்லை. அது மருமகள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் சமையலறைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். டீத்தூள் பக்கத்தில் இருக்கிற வாசனையையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும் என்பது மாமனார் ஆயிரம் தடவை சொன்ன பாடம். அதனால் பெரிய டப்பாக்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். மூன்றாவது டப்பா விஷயத்தில் மட்டும் அவளுக்கு மனம் கேட்கவில்லை. அந்தத் தூள் எந்தக் கடையிலும் கிடைக்காது. மாமனாரின் கம்பெனி சிநேகிதர் ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை தன் மைத்துனன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுப்பது. எனவே அதைப் பெயிண்ட் வாசம் எட்டவே எட்டாத இடத்தில் பத்திரமாக வைத்துப் பூட்டினாள். அந்த இடம் அவளுடைய துணி அலமாரி. வீட்டிலிருந்தபடி திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள் அவள். அலமாரி நிறையத் துணிச் சுருள்கள், சுருளுக்குச் சுருள் பூச்சி அரிக்காமலிருக்க அந்துருண்டை. டப்பாவின் மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்ததும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்துக்கு உறைக்கவில்லை.

நாலு நாள் டப்பா உள்ளே இருந்தது. அவளுக்கு அந்த வாரம் மூக்கடைப்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கலந்தாள். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் காலை உறிஞ்சினார், கண்ணை மூடினார், "ம்" என்றார்.

கணவன்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னமோ துணிக்கடைக்குள்ள போன மாதிரி வாசம் வருதே" என்றான்.

"பெயிண்ட்டுடா. வீடு பூரா அதானே அடிக்குது. டீ நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

அப்பா சொன்னால் சரி. மகன் மிச்சத்தைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான். ஐந்து நாள் அதையே குடித்தார்கள். ஆறாம் நாள் மருமகளுக்கு மூக்கு திறந்தது. டப்பாவைத் திறந்தவளுக்குக் குப்பென்று அந்துருண்டை அடித்த அடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கலந்த தூள் முழுக்கவும், மூன்றாவது டப்பாவில் மிச்சமிருந்ததையும் பழைய தலையணை உறையில் கட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். முதல் இரண்டு தூளோடு கடையில் வாங்கிய சாதாரணத் தூளைச் சேர்த்துக் கலந்து அதே டப்பாவில் நிரப்பினாள். மறுநாள் காலை அவர் உறிஞ்சும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம்" என்றார்.

தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. பாத்திரம் துலக்கும்போதுதான் மெதுவாக வேறொன்று உறைத்தது. அரைக் கரண்டி கூடினால் கண்டுபிடிக்கிற மனிதர், ஐந்து நாள் அந்துருண்டை வாசம் குடித்திருக்கிறார். அடுத்த வாரம் ஒரு நாள் பால் அடிப்பிடித்து வீடே நாறியது. அவர் அதே இடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ ஆகியிருக்கிறது. கணவனிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால், "உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்பான். டப்பா கதையைச் சொல்ல வேண்டிவரும். வாய் வரை வந்ததை மென்று முழுங்கினாள். திங்கட்கிழமை சொல்லலாம் என்றிருந்தாள். பிறகு சம்பளம் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். இப்படியே மூன்று வாரம் போனது. அவர் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "மூக்குக்கு நேர் மேல, மூளைக்கு அடியில ஒரு கட்டி. மெதுவா வளர்றது. இது மாதிரி கட்டின்னா முதல்ல வாசனைதான் போகும். வாசனை தெரியலைன்னு எப்பவாவது சொன்னாரா?"

அந்த நிலைமையிலும் கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்கப்பாவுக்கா? டாக்டர், எங்க வீட்டுக்குச் சோறு போட்டதே அவர் மூக்குதான். விழுந்த அன்னைக்குக் காலையிலகூட டீ குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொன்னாரே!"

"அப்படியா" என்றார் டாக்டர். "கொஞ்ச நாள் முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஏதாவது செஞ்சு பார்த்திருக்கலாம்."

மருமகள் பிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். நாலாம் நாள் அவர் போய்விட்டார்.

"சித்தப்பா எத்தனை மணிக்கு வர்றாராம்?" என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள். டப்பா இப்போது அடுப்பு மேடையில் இருந்தது.

"யாரு?"

"தராசு சித்தப்பாதான். காலையில பஸ் ஏறிட்டாராம். அவர் கையால குடுத்த தூளு, அவர் வந்து ஒரு வாய் குடிக்கணும். அப்பாவுக்கு அதுதான் சந்தோஷம்."

தராசு என்பவர் கம்பெனி கோடவுனில் தூளை நிறுத்துப் போட்டவர். நாக்கும் தராசும் முப்பது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். ருசி பார்க்கிற வேலை அவருடையதில்லைதான். ஆனாலும் மூன்றாவது தூள் அவர் கொண்டுவந்து கொடுக்கிற தூள். அது இல்லாததை அவரால் கண்டுபிடிக்க முடியாதா? "மூணாவது போடலையா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். எப்போதிருந்து என்பார்கள். மூன்று வாரமாக என்று சொல்ல வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லையா என்று நாத்தனார் கேட்பாள். கேட்டுக்கொண்டே டாக்டரின் கேள்விக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். அதற்கு அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. ஒரு துளி ரத்தத்தை வைத்து மனிதனின் ஜாதகத்தையே சொல்கிறவள்.

முதல் சுற்று டீ கூடத்துக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர், கணவனோடு வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர், தையல் நூல் விற்கிற கடைக்காரரும் மனைவியும். "ஆகா, பேர் சொல்லும் டீ" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நாத்தனார் ஒரு வாய் குடித்தாள், கோப்பையைப் பார்த்தாள், மறுபடி குடித்தாள்.

"என்னம்மா?" என்றாள் மருமகள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. விடிய விடிய அழுது மூக்கே அடைச்சுக்கிச்சு. எதுவும் தெரியல."

மருமகளுக்கு நின்ற மூச்சு திரும்பி வந்தது. வந்த கையோடு ஒரு யோசனையையும் கொண்டுவந்தது. அடுத்த சுற்றுக்குப் பால் கொதிக்கும்போது கூடையிலிருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்துத் தட்டத் தொடங்கினாள். இஞ்சி விழுந்தால் எந்தத் தூள் என்று எவனுக்குத் தெரியும்?

"அண்ணி!" பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "அப்பா டீயில இஞ்சியா? அவர் உசிரோட இருந்தா கோப்பையைத் தூக்கி எறிஞ்சிருப்பாரு. இன்னைக்குப் போயா?"

"இல்ல... எனக்குத் தலைவலியா இருந்துச்சு. எனக்குத்தான்."

"உங்களுக்குத் தனியா போட்டுக்குங்க. நீங்களும் ராத்திரி பூரா தூங்கல பாவம்." நாத்தனார் அவள் தோளை ஆதரவாகத் தடவிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மருமகளுக்கு.

தராசு வரும்போது மணி பன்னிரண்டேகால். பெருத்த உடம்பு, பாதி படி ஏறும்போதே மூச்சிரைக்கிற சத்தம் உள்ளே கேட்டது. கையில் துணிப்பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மாமனார் எப்போதும் உட்காரும் கைப்பிடி வைத்த நாற்காலியைப் பார்த்தார். அதில் இதுவரை யாரும் உட்காரவில்லை. அவரும் உட்காராமல் பக்கத்தில் வாடகை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எத்தனை மணிக்குக் கொண்டாறாங்க?"

"ரெண்டு மணிக்கு சித்தப்பா" என்றான் கணவன். பிறகு உள்ளே திரும்பி, "சித்தப்பாவுக்கு டீ கொண்டா. அப்பா டீ" என்று குரல் கொடுத்தான்.

அவள் போட்டாள். சர்க்கரையை வேண்டுமென்றே ஒரு கரண்டி கூட்டினாள். கோப்பையைத் தட்டில் வைத்துக் கூடத்துக்கு எடுத்துப்போன பத்தடி தூரமும் கோப்பை தட்டோடு மோதிக் கடகடவென்று பேசிக்கொண்டே வந்தது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

தராசு கோப்பையை வாங்கி, தன் சிநேகிதர் செய்கிற மாதிரியே சர்ரென்று உறிஞ்சினார். கூடத்தில் பேச்சு நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நாத்தனார் முகத்தை மூடிக்கொண்டாள். கணவன் சுவரைப் பார்த்தான். தராசு கண்ணை மூடியிருந்தார். திறந்தார். கோப்பைக்குள் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நேராக மருமகளைப் பார்த்தார்.

"என்ன சித்தப்பா?" என்றான் கணவன்.

"ஆறிப்போச்சுப்பா" என்று தராசு எழுந்தார். "நானே போய்ச் சூடு பண்ணிக்கறேன். நீ உக்காரு."

ஆவி பறந்துகொண்டிருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் சமையலறைக்குள் போனார். அவள் பின்னாலேயே போனாள். நடந்து போனதே அவளுக்கு நினைவில்லை.

அவர் டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்தார். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். மூடினார்.

"எப்பத்திலேருந்தும்மா?" என்றார் தணிந்த குரலில்.

"மூணு வாரமா, சின்ன மாமா." ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். பெயிண்ட், அலமாரி, அந்துருண்டை, தலையணை உறை, அடிப்பிடித்த பால், டாக்டர். சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்துகொண்டே போய்க் கடைசியில் வெறும் காற்றாக வந்தது. "எனக்குத் தெரியும் மாமா. அவருக்கு வாசனை தெரியலைன்னு தெரியும். தெரிஞ்சும் சொல்லல. நான்தான் அவரை..."

"சும்மா இரு" என்றார் தராசு. மேடையைப் பிடித்துக்கொண்டார். "மூணு வாரம்னு நீ சொல்ற. எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தூள் கொண்டாந்தேன் பாரு, அப்ப பையைத் திறந்து மோந்து பார்த்துட்டு, 'எனக்கு ஒண்ணும் வரலடா'ன்னான். சளியா இருக்கும்னேன். அடுத்த தடவையும் அதேதான். டாக்டர்கிட்ட போடான்னா, போறேன் போறேன்னு இழுத்தான். வீட்டுல நான் சொல்லட்டுமான்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டான்மா. 'நாக்கு போச்சுன்னு தெரிஞ்சா அந்த வீட்டுல நான் யாருடா? மூலையில உக்காந்து சாப்பிடற கிழவன்தானே'ன்னான். நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"அப்போ தினமும் காலையில..."

"ம் சொல்றதா? அதையும் கேட்டேன். 'மருமக கை தப்பாது. அவ கலந்தா சரியாத்தான் இருக்கும். நான் அவ முகத்தைப் பார்த்துட்டு ம் சொல்லிடறேன்'னான்."

மருமகள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு நொடி அவர் அவளைப் பார்ப்பார். அவள் கையைச் சோதிக்கிறார், குற்றம் தேடுகிறார் என்று நினைத்து அவள் பயந்து செத்திருக்கிறாள். அந்த மூன்று வாரமும் அவர் அந்த முகத்தில் என்ன பார்த்திருப்பார்? பயத்தைப் பார்த்திருப்பார். ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும், என்னவென்று தெரிந்திருக்காது. அதையும் "ம்" என்று விழுங்கியிருக்கிறார். பயந்தவர் இரண்டு பேர். ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தராசு துணிப்பையிலிருந்து பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேடையில் வைத்தார். நூல் கட்டியிருந்தது. "இந்த வருஷத்து தூளு. எடுத்து வச்சிருந்தேன். அவன் போயிட்டான்னு போன் வந்தப்புறமும் கையோட எடுத்துக்கிட்டு வந்துட்டேன், பைத்தியக்காரன் மாதிரி."

"நான் என்ன மாமா பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. தினம் ஒரு கரண்டி, ரெண்டு கரண்டின்னு இதுல கலந்துக்கிட்டே வா. ஒரு மாசத்துல பழைய டீ ஆயிடும். வித்தியாசம் யாருக்கும் தெரியாது. நீயும் சொல்லாத, நானும் சொல்லல. சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தப் பையன் என்னை மூஞ்சியில முழிக்க விடுவானா?" அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அறுபத்தெட்டு வயதில் அந்தப் பெரிய உடம்பு கூடத்துப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றது.

கணவன் எட்டிப் பார்த்தான். "சித்தப்பா, டீ சரியா இருக்கா?"

"ரொம்பச் சரியா இருக்குப்பா" என்று தராசு மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்தார்.

இரண்டு மணி என்றது இரண்டேமுக்காலானது. வண்டியிலிருந்து நாலு பேர் இறக்கிக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். நாத்தனார் விழுந்து அழுதாள். கணவன் அழத் தெரியாத குழந்தை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான். மருமகள் கால்மாட்டில் நின்றாள். மாமனாரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண் மூடியிருந்தது, உதடு லேசாகச் சேர்ந்திருந்தது. உறிஞ்சிவிட்டு, சொல்வதற்கு முன்னால் இருக்கிற அதே முகம். யாரோ பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "கடைசி வரைக்கும் மூக்கு ஏமாறல பாருங்க அவருக்கு." நாத்தனார் அழுகைக்கு நடுவிலும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது ஆறு. தராசு வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டார். பஸ்ஸைக் காரணம் சொன்னார். கணவனின் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, அவளைப் பார்க்காமலேயே போனார். நாற்காலிக்காரர்கள் வந்து நாற்காலிகளை எடுத்துப்போனார்கள். கணவன் மேஜையைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டான். மின்விசிறியைச் சுழலவிட்டு அண்ணனும் தங்கையும் அதனடியில் உட்கார்ந்தார்கள். கைப்பிடி நாற்காலி காலியாக இருந்தது.

"அண்ணி, ஒரு டீ" என்றாள் நாத்தனார்.

சமையலறையில் பெரிய டப்பாவும் பொட்டலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு கரண்டி போட்டால் போதும். நாளைக்கு ஒன்று, மறுநாள் ஒன்று. யாருக்கும் தெரியாது. தெரியாமலே வருஷங்கள் போகும். தினமும் காலையில் இவர்கள் முதல் வாயைக் குடிக்கும்போது அவள் இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாமனார் பார்த்த மாதிரி. தராசு இன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போனாரே, அந்த மாதிரி ஒளிந்துகொள்ளவும் வேண்டும்.

அவள் நூலை அவிழ்த்தாள். காகிதத்தைப் பிரித்ததும் அந்த மணம் எழுந்தது. மழை நின்ற பிறகு வெயில் பட்ட மரப்பட்டையிலிருந்து வருகிற மாதிரி ஒன்று. மூன்று வாரத்துக்குப் பிறகு அதை மோந்ததும்தான் அன்றைக்கு முதல்தடவையாக அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுது முடித்தாள். பெரிய டப்பாவைத் தொடவில்லை. நிறத்துக்கும் திடத்துக்குமான டப்பாக்களை எடுத்து, ஐந்து, மூன்று, ஒன்று என்று கிண்ணத்தில் அளந்து, கரண்டி குவியாமல் விரலால் வழித்துவிட்டுக் கலந்தாள். அளவு தப்பவில்லை.

மூன்று கோப்பைகளை மேஜையில் வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. ஆவி போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது ஒரே நேரத்தில்தான் மூன்று பேருக்கும் உறைத்தது. கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இனிமே நீதான் சொல்லணும்" என்றான் அவளிடம். "கலக்கறது நீதானே."

அவள் கோப்பையைத் தொடவில்லை. "நீங்க குடிங்க" என்றாள்.

கணவன் குடித்தான். நாத்தனார் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் நிறுத்தினாள். புருவம் சுருங்கியது.

"காலையில குடிச்சது இது இல்லையே அண்ணி."

"ஏன், நல்லாத்தானே இருக்கு?" என்றான் கணவன்.

"நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்கறேன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள். துணி அலமாரியைத் திறந்து, கீழ்த்தட்டில் திரைச்சீலைத் துணிகளுக்குப் பின்னால் கையை விட்டாள். தூளைக் கொட்டிய அன்று கழுவிக் கழுவிப் பார்த்தும் வாசம் போகாததால், எறியவும் மனமில்லாமல் அங்கேயே தள்ளிவைத்த மூன்றாவது டப்பா கையில் பட்டது. அதைக் கொண்டுவந்து கணவனுக்கும் நாத்தனாருக்கும் நடுவில், மேஜையின்மேல் வைத்தாள். நெளிந்த மூடி மூடியபடியே இருந்தது.

பிறகு சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, மெதுவாகச் சுற்றி, நிற்கும்வரை சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.